மஞ்சள் பட்டையும் ஒரு வரியும்

1

இன்று இங்கே தேசிய தினம். காலையிலிருந்தே தெருவில் கார்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு ஹாரன் அடித்துப் போகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த நாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கொடி வரைந்து, மிட்டாய்த் தட்டோடு வந்து கதவைத் தட்டினார்கள். சிரித்தபடியே ஒன்றை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்திய பிறகு தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்ததை என் மனைவி ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"அஞ்சு வருசம் ஆச்சு. இன்னுமா?" என்றாள்.

இன்னும்தான். நான் பயந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே, எழுதினால் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கத்தான். எழுதும்போதும் இந்த நாட்டின் பெயரை விட்டுவிட்டேன். வளைகுடாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாடு. எங்களுக்குச் சோறு போட்ட நாடு. இந்த வாக்கியத்தைக்கூட உண்மையாகத்தான் எழுதினேனா, யாராவது வாசித்துவிடுவார்கள் என்று எழுதினேனா என்பது எனக்கே தெரியவில்லை.

2

எனக்குச் சொந்த ஊர் கொட்டாரம். ஸ்டெல்லாவுக்குக் கடியப்பட்டணம். நான் சிஎஸ்ஐ புராட்டஸ்டன்ட், அவள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது நாங்கள் விமானம் ஏறியிருந்தோம். அவள் இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். நான் ஒரு கல்லூரியில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்தேன்.

2009இல் என் வகுப்புக்காக ஒரு படம் வரைந்தேன். நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, இடமிருந்து வலமாக இரண்டாயிரம் வருடங்கள். உலகம் முழுவதும் விளைந்ததையும் செய்ததையும் விற்றதையும் ஒன்றாகக் கூட்டினால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காட்டும் படம். இந்தியா மஞ்சள், சீனா சிவப்பு, மேற்கு ஐரோப்பா நீலம், அரபு நாடுகளும் துருக்கியும் பச்சை. இடது ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தாலே பாதி தாண்டிவிடும். முந்நூறு வருடத்துக்கு முன்புகூட மஞ்சள் நாலில் ஒரு பங்குக்குக் கிட்டே நிற்கும். அதன் பிறகு நீலம் வீங்கும், மஞ்சள் மெலியும். நாம் சுதந்திரம் வாங்கும்போது அது ஒரு நாடா அளவுக்கு வந்துவிட்டது.

இவையெல்லாம் அறிஞர்களின் மதிப்பீடு, அந்தக் காலத்தில் உலகத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை என்று மாணவர்களிடம் சொல்லுவேன். வீட்டில் அவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. அதுதான் வினையாக வந்தது.

சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது மகள் அனிஷா வந்து நின்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். தோழிகளிடம் ஆங்கிலமும் அரபியும் பேசுவாள். எங்களிடம் தமிழ்தான், ஆனால் பாதி வாக்கியத்தில் தமிழ் தீர்ந்துபோகும்.

"இதுல நாம எங்க?" என்று கேட்டாள்.

நான் மஞ்சளைத் தொட்டுக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கேட்ட 'நாம்' மஞ்சள் இல்லை. இந்த நாடு. இதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடம் அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. பச்சைப் பட்டையின் கீழ் விளிம்பைக் காட்டி, "இஞ்ச எண்ணெய் வந்த பெறவுதான் கணக்கு உண்டு. அதுக்கு முந்தி ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். கணக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் நான் சொன்னது.

3

அந்த வருடம் தேசிய தினத்துக்கு அவள் பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் ஆல்பம் செய்யவேண்டும். 'என் நாடு அன்றும் இன்றும்' என்பது தலைப்பு. அனிஷா என் படத்தைப் புகைப்படம் எடுத்து நடுப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அதன் கீழே ஊதா மையில், அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. 'எண்ணெய்க்கு முன்னால் இந்த நாடு ஒன்றுமே இல்லை என்று என் அப்பா சொல்கிறார்.' 'நத்திங்' என்ற சொல்லைப் போட்டிருந்தாள்.

ஆல்பம் வகுப்பு ஆசிரியையிடமிருந்து முதல்வருக்குப் போனது. முதல்வர் அதை யாருக்கு அனுப்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழியில் யாரோ அந்த வரியை அரபியில் பெயர்த்தார்கள். நான் அதைப் பார்த்தபோது அது 'ஒன்றுக்கும் உதவாத நாடு' என்று ஆகியிருந்தது. மூன்று மொழி தாண்டுவதற்குள் கணக்கு என்ற சொல் விழுந்துபோய், வசை ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

கல்லூரியில் டீன் என்னை அழைத்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. அனிஷாவின் பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது, ஓர் அரசு அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள், அதுவரை வகுப்பு எடுக்கவேண்டாம் என்றார். வேலையில் சேரும்போதே வாங்கி வைத்த என் பாஸ்போர்ட் கல்லூரியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கிழிக்கப் போனேன். ஸ்டெல்லா தடுத்தாள். கேட்டால் கொடுக்க ஒன்று வேண்டும், கிழித்தால் அதுவே குற்றமாகிவிடும் என்றாள். அவள் சொன்னது சரி. கையில் வேறொன்றும் இல்லாததால் நான் அனிஷாவின் பக்கம் திரும்பினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. கடைசியாக, இந்த வீட்டில் பேசுகிற ஒரு சொல்லும் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவளைச் சத்தியம் செய்ய வைத்தேன். அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

4

கூப்பிட மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் மூச்சை அடக்கிக்கொள்வேன். தெருவில் வெள்ளைக் கார் ஒன்று நின்றால் எண்ணைக் குறித்துக்கொள்வேன். மறுநாள் அதே கார் நிற்கும். அது மூன்றாம் மாடிக்காரருடையது.

போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலைகளில் ஸ்டெல்லாவின் தம்பி சகாயம் கடியப்பட்டணத்திலிருந்து கூப்பிடுவான். மீன் பிடிக்கும் வள்ளம் வைத்திருப்பவன். அவனிடம் விஷயத்தைச் சொல்லப் பயந்து, "இங்கே மழை" என்று மட்டும் சொன்னேன். பாலைவனத்தில் என்ன மழை என்று அவன் கேட்கவில்லை. குரலிலேயே பிடித்துக்கொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனே தொடங்கினான்.

"அத்தான், மழ விட்டுதா?"

"விடல."

"அக்காளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருங்க. கடல் ஏறி வந்த அன்னைக்கும் நாங்க இஞ்சதான் நின்னோம்."

2004இல் சுனாமி வந்த அன்று நாங்கள் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். கடியப்பட்டணத்துக்கு ஒரு போனும் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா நாள் முழுக்க ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். மறுநாள்தான் சகாயத்தின் குரல் கேட்டது. அன்றைய பயம் பெரியது. ஆனால் அதற்கு எதிரே கடல் என்று ஒன்று இருந்தது. இந்தப் பயத்துக்கு முகம் கிடையாது. யாருக்குப் பயப்படுகிறேன் என்று கேட்டால் ஒரு பெயர்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஊருக்குப் போவது பற்றி நாங்கள் பேசாமல் இல்லை. போக பாஸ்போர்ட் வேண்டும். அது பெட்டிக்குள் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோனது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அனிஷா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துபோவாள்.

5

கூப்பிட்டு வந்த கடிதத்தில், மகளையும் அழைத்து வரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் ஸ்டெல்லா மருத்துவமனைக்கு லீவு சொல்லி எங்களோடு வந்தாள். வெளியே வெயிலில் ஜெபமாலையோடு நின்றாள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் என் வயதில் ஓர் அதிகாரி. ஓரமாகக் கணினிக்கு முன்னால் ஒரு மலையாளி எழுத்தர், நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. மேசைமேல் அனிஷாவின் ஆல்பம், அதன் மேல் ஒரு கோப்பு. நான் கொண்டுபோன படத்தை அதிகாரி விரிக்கச் சொன்னார். அது மேசையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது.

அதிகாரி ஆங்கிலத்தில்தான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. அதுவே பயமாக இருந்தது. என் ஊர் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மஞ்சளைக் காட்டினேன். மஞ்சள் இவ்வளவு அகலமாக இருக்கிறதே, பிறகு ஏன் இங்கே வந்தாய் என்றார்.

இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பதில் உண்டு. காலனி ஆட்சி, இயந்திரங்கள், ஜவுளி. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று வாயில் வேறொன்று வந்தது. பயத்தில் வந்ததா என்று தெரியவில்லை. பட்டை அகலமாக இருப்பதற்கு முதல் காரணம் எங்களிடம் நிறையப் பேர் இருந்ததுதான் என்றேன். ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை இந்தப் படம் காட்டாது. என் பாட்டனுக்குப் பாட்டன் பனை ஏறினவர். எங்கள் ராஜா ஆண்ட அந்த நாளில் அவர் தலைக்கு வரி கொடுத்தார், ஏறும் ஏணிக்கும் வரி கொடுத்தார். அவர் வீட்டுப் பெண்களுக்கு மேலே துணி போடும் உரிமை இல்லை. மஞ்சள் அகலமாக இருந்தபோதும் அவருக்கு அப்படித்தான், மெலிந்தபோதும் அப்படித்தான். அந்த அகலத்தில் எங்களுக்குப் பங்கு இருந்ததில்லை.

பக்கத்தில் அனிஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவளிடம் நான் சொன்னதே கிடையாது.

அதிகாரி பச்சைப் பட்டையின் மேல் விரலை ஓட்டினார். பிறகு தன் பாட்டனார் முத்துக் குளித்தவர் என்றார். அந்த முத்தெல்லாம் இதில் எங்கே என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

அவர் ஆல்பத்தைத் திறந்து ஊதா மை வரியின் மேல் விரலை வைத்தார். எதுவும் இல்லை என்பது ஒன்று, யாரும் கணக்கெடுக்கவில்லை என்பது வேறு, உன் மகளிடம் இதில் எதைச் சொன்னாய் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளை சொல்லட்டும் என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் செத்துப் பிழைத்தேன். அவள் என்ன சொன்னாலும் தப்பாகப் போகலாம். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அப்பா தமிழில் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொன்னார், நத்திங் என்று எழுதியது நான், எனக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்றாள்.

அதிகாரி எழுத்தரைப் பார்த்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றார். எழுத்தருக்கு அது விளங்காமல் இருக்க வழியே இல்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் அவர் பேசும் பேச்சு வந்துவிடும். அந்தச் சொல் அங்கும் இதேதான். ஆனால் அவரும் என்னைப்போல விசாவில் இருப்பவர். கணினித் திரையைப் பார்த்தபடி, தனக்குத் தமிழ் தெரியாது என்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அனிஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். எங்கள் மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டு சார், கேட்டது எதுவோ அது இல்லை என்றும் பொருள் வரும் என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு நாங்கள் கிளம்பும்வரை அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அதிகாரி கோப்பில் ஏதோ எழுதினார். இந்தப் படத்தை இனி எங்கும் காட்டமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படத்தையும் ஆல்பத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அனிஷாவை மட்டும் பார்த்து, நீ போகலாம் என்றார். நானும் போகலாமா என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

6

என்னை யாரும் சிறையில் வைக்கவில்லை. நாடு கடத்தவும் இல்லை. வருடக் கடைசியில் கல்லூரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஸ்டெல்லாவின் வேலையால் அவள் விசாவில் தங்கினேன். இப்போது ஓர் இந்தியப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன். வரலாறு கிடையாது. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு வரி பேசுவதில்லை. மாணவர்களுக்கு என் வகுப்பு தூக்கம் வரும் வகுப்பு.

அனிஷா வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். செய்த சத்தியத்தைக் காப்பாற்றினாள். வாசலைத் தாண்டிப் பேசாதே என்றால், அவள் வாசலுக்கு உள்ளேயும் பேசவில்லை. அம்மாவிடம் ஒன்றிரண்டு சொல்லுவாள். என்னிடம் 'சரிப்பா', 'இல்லப்பா'.

7

இந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சகாயம் வீட்டில் தங்கினோம். கொட்டாரத்தில் என்னோடு படித்த முருகேசன் அங்கேயே உரக்கடை வைத்திருக்கிறான். ஊர் வாசகசாலைக்கும் அவன்தான் செயலாளர். நான் வந்திருப்பது தெரிந்து தேடி வந்தான். உலகத்துக்கே நம்ம நாடு படியளந்த காலம் பற்றி நான் பேசவேண்டும் என்றான். அவன் செல்போனில் யாரோ அனுப்பிய செய்தி இருந்தது. நாம் உலகத்திலேயே பெரிய பணக்கார நாடாக இருந்தோமாம்.

முடியாது என்றேன். "நம்ம ஊர்ல வந்து என்ன பயம்டே உனக்கு?" என்றான். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஒத்துக்கொண்டேன்.

எங்கும் காட்டமாட்டேன் என்றால் வளைகுடாவில் எங்கும் என்றுதான் பொருள், ஊரில் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சகாயம் வீட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்தேன். ஞாபகத்திலிருந்தே வரைந்தேன். அனிஷா ஒன்றும் கேட்காமல் வந்து உட்கார்ந்து மஞ்சளைத் தீட்டினாள்.

மாலை நாலு மணிக்கு வாசகசாலையில் கூட்டம். நாற்பது பேர் இருக்கலாம். மஞ்சள் பட்டையைக் காட்டி முந்நூறு வருடத்துக்கு முந்தைய பங்கைச் சொன்னதும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். அது மெலிந்ததையும் சொன்னேன். வெள்ளைக்காரனைத் திட்டினார்கள். அடுத்து மறுபாதியைச் சொல்லவேண்டும். அந்த அகலம் யாருக்கு அகலம் என்பதை. வாயைத் திறந்தேன்.

அறையில் எல்லா வகைக் குடும்பத்துக்காரர்களும் இருந்தார்கள். வரி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும், வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும். எங்கள் மாவட்டத்தில் ஒரு பேச்சு எங்கே தொடங்கி எந்தக் கலவரத்தில் போய் முடியும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நாங்கள் விமானம் ஏறிவிடுவோம், சகாயம் இங்கேதான் இருக்கவேண்டும். முருகேசனின் கடையும் இங்கேதான். நன்றி வணக்கம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அனிஷா எழுந்து நின்றாள்.

"அப்பா பாதியில நிறுத்திட்டாங்க," என்றாள். தமிழில்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "அந்த மஞ்சள் பெருசு. ஆனா அதுல எங்க அப்பாவோட பாட்டனுக்குப் பாட்டன் இல்ல. அவரு ஏறின ஏணிக்கும் வரி குடுத்தாரு. வாங்கினது வெள்ளைக்காரன் மட்டும் இல்ல. இத அப்பா ஒருக்கா ஒரு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. எழுந்து நின்று தட்டியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். முருகேசன் அவசரமாக டீ வந்திருக்கிறது என்று அறிவித்தான்.

டீ குடிக்கும்போது எனக்குத் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, பிள்ளை எந்த கிளாஸ் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றார். சொல்லவில்லை. "பிள்ள சொன்னது நல்லா இருந்துது," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அவர் பாராட்டினாரா, எச்சரித்தாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வயல், நடவு முடிந்து தண்ணீர் நின்றது. அனிஷாவிடம் கோபப்படவேண்டும், இனி இப்படிச் செய்யாதே என்று சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வாயில் வந்தது வேறு.

"உனக்குப் பயமா இல்லியா மக்கா?"

அவள் ஆச்சரியமாகத் திரும்பினாள். "இருந்துதுப்பா. காலு ரெண்டும் அப்படி நடுங்கிச்சு. நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க?"

நான் பார்க்கவில்லை. அவள் எழுந்ததிலிருந்து உட்காரும்வரை நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.